தைராய்டு என்று சொன்ன மாத்திரை

தையல் ஆலையின் மூன்றாம் லைனில் நாற்பத்திரண்டு மிஷின்கள். அத்தனைக்கும் பொறுப்பு அவள்தான். ஆரம்பத்தில் பெண்கள் "சூப்பர்வைசர் அக்கா" என்று முழுசாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மிஷின் சத்தத்தில் அவ்வளவு நீளப் பெயர் போய்ச் சேர்வதற்குள் ஒரு சட்டைக்குக் கையே தைத்து முடிந்துவிடும். தேய்ந்து தேய்ந்து அது "சூப்பரக்கா" என்று நின்றது. இப்போது மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். வீட்டில் சண்டை வந்தால் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சூப்பரக்கா லேசில் லீவு போடமாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மட்டும் அரை நாள் காணாமல் போவாள். கேட்டால், "தைராய்டு. ரத்தம் எடுக்கணும்" என்பாள். அதற்கு மேல் யாரும் துருவியதில்லை.

அது முழுப் பொய்யும் இல்லை. தைராய்டு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பிறகு வந்தது; அவள் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிய லித்தியம் மாத்திரையின் பக்கவிளைவாக வந்தது. லித்தியம் மனநோய்க்கானது. வீட்டுப் பெரியவர்கள் காலமான பிறகு இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: எலெக்ட்ரீஷியனான கணவர், ஆஸ்பத்திரி டாக்டர், நான்கு தெரு தள்ளியிருந்த மருந்துக்கடைக்காரர். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளுக்குக்கூடத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அம்மாவுடையது தைராய்டு மாத்திரை, அவ்வளவுதான்.

அந்த முறை ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "அளவெல்லாம் கச்சிதமா இருக்கு. வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"மக முழுகாம இருக்கா டாக்டர். ஏழாம் மாசம்."

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "உங்களுக்கு அன்னிக்கு வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எதுக்குத் தெரியணும்?"

"பிரசவத்துக்கு அப்புறம் தாய்க்கு இந்த நோய் வந்திருந்தா, மகளுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கூடம்மா. நூத்துல மூணு பேருக்கு வரலாம். மிச்சம் தொண்ணூத்தேழு பேருக்கு வராது. ஆனா வந்துட்டா மளமளன்னு வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா முளையிலேயே பிடிச்சிடலாம்."

"அவ ரொம்பத் தெளிவான பொண்ணு டாக்டர். அவளுக்கெல்லாம் வராது."

"நீங்களும் தெளிவுதானே? நாப்பது மிஷினை மேய்க்கிறீங்க."

சூப்பரக்கா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அந்த வாரம் முழுசாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

மகள் பிறந்து நான்கு நாள் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் அவளுக்குத் தூக்கம் போனது. தூக்கம் போனதில் வருத்தமே இல்லை. உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. துவைத்ததையே மறுபடி துவைத்தாள். சுவரெல்லாம் கரிக்கட்டையால் ஏதேதோ எழுதினாள். ஒன்பதாம் நாள், கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளை இல்லை, யாரோ மாற்றிவைத்த பிள்ளை என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே நின்ற ஒரு பெண்ணிடம், "இது உங்க குழந்தை, பத்திரமா வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள்.

அந்தப் பெண் யாரோ எவரோ. தன் பஸ்ஸைப் போகவிட்டு, பிள்ளையோடு அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றிருந்தாள். வேலை முடிந்து வந்த கணவர், விஷயத்தைக் கேட்டதும் ஓடிப்போய் வாங்கி வந்தார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி. ஒன்பது வாரம். பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. குணமாகித் திரும்பியபோது பிள்ளை அவளைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அந்த பஸ் நிறுத்தத்தை மட்டும் அவள் தனக்கே மன்னித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் டெஸ்டரைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நெடுநேரம் யோசித்தார்.

"சொல்லிடு" என்றார் கடைசியில். "நான் வேணா பக்கத்துல இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனார்கள். மகள் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில் மூன்றாம் தளம். மருமகன் பஸ் டிரைவர், வண்டிக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா உள்ளறையில் கண்ணசந்திருந்தாள். பக்கத்தில் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கணவர், வந்ததும் வராததுமாகக் கூடத்து ஸ்விட்ச் போர்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அதில் ஒரு பழுதும் இல்லை. பயம் வந்தால் அவருக்கு எதையாவது கழற்ற வேண்டும்.

சூப்பரக்கா, ஆலையில் மிச்சமான மெல்லிய துணியில் தைத்துக் கொண்டுவந்த குழந்தைச் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. கரிக்கட்டை, தொட்டில், பஸ் நிறுத்தம், ஒன்பது வாரம். பிறகு மகளுக்கு ஏழு வயதானபோது, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தி, மறுபடி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. சொல்லச் சொல்ல ஒரே சட்டையை நான்கு தடவை பிரித்து மடித்தாள்.

மகள் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு கேட்டாள்:

"எனக்கு ஏழு வயசுல, மிஷின் டிரெய்னிங்குக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனியே. அதுவா?"

"அதுதான்."

"மூணு வாரம் அப்பாதான் எனக்கு ஜடை போட்டாரு. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. வகுப்பே சிரிச்சுது. அம்மா டிரெய்னிங் முடிச்சிட்டுப் பெரிய ஆளா வருவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"என்ன பண்றது கண்ணு, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு..."

"என்னை ஒருத்திகிட்ட தூக்கிக் கொடுத்ததுகூடப் பரவாயில்லைம்மா. அது நோய். ஆனா இருபத்தெட்டு வருஷமா தைராய்டு தைராய்டுன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னியே, அது நோய் இல்ல." வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. நான் யோசிக்கணும்."

ஆறு நாள் போன் இல்லை. ஆலையில் சூப்பரக்கா எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். காலர் சரியாக இருந்ததைப் பிரிக்கச் சொன்னாள். ஏழாம் நாள் சாயங்காலம் மகள் மூச்சு வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"முப்பத்தொரு கேள்வி இருக்கு" என்றாள். "பதினெட்டு உனக்கு, பதிமூணு டாக்டருக்கு. உன்னோடது முதல்ல. தூக்கம் போச்சுன்னு சொன்னியே, தூக்கம் வரலையா, இல்ல வேண்டாம்னு இருந்துச்சா?"

சூப்பரக்கா மகளைப் பார்த்தாள். பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ பூரித்தது. இத்தனை நாள் தான் மூடிமூடி வைத்ததை, இந்தப் பெண் மூலையில் எண் போட்டு, கோடு கிழித்து, ஒழுங்கான ஒரு கணக்காக மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"வேண்டாம்னு இருந்துச்சு" என்றாள். மகள் எழுதிக்கொண்டாள்.

மறுவாரம் மருமகனையும் சேர்த்துக்கொண்டு மூவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பதிமூன்று கேள்விக்கும் பதில் சொன்னார். பிள்ளை பிறந்த பிறகு முதல் இரண்டு வாரம் தாய்க்குத் தூக்கம்தான் முதல் மருந்து. மற்றவர்கள் முறைவைத்துப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். இன்னின்ன மாற்றம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் மகள் நோட்டில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் தானாகவே ஒன்றைச் சேர்த்தாள்: "இந்த அறிகுறி இருக்கு, வான்னு அம்மா சொன்னா, நான் வரமாட்டேன்னு சொன்னாலும் என்னைக் கூட்டிட்டுப் போங்க." கீழே கையெழுத்துப் போட்டாள். மருமகனையும் போடச் சொன்னாள். அவர் பஸ் டிரைவர். டிரிப் ஷீட்டில் போடுவது போலத் தேதி, நேரம் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். சூப்பரக்கா ஆலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். நான்காம் நாளும் ஒன்றுமில்லை. மகள் சோர்ந்து தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்த, விஷயம் இன்னும் தெரியாத சம்பந்தியம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சம்பந்தி, உங்க பொண்ணைப் பாருங்க. பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பீரோ முழுக்கத் துடைச்சு அடுக்கிட்டா. நானெல்லாம் பெத்தப்ப பத்து நாள் படுக்கையை விட்டு எழுந்திரிக்கல."

கட்டிலில் துணிமணி நிறம்வாரியாக அடுக்கியிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா, பள்ளிக்கூடத்து டைம்டேபிள் முழுசா மாத்திட்டேன்ம்மா. எல்லா வகுப்புக்கும். இவ்வளவு நாள் ஒருத்தருக்கும் தோணலை பாரு. ஹெட்மாஸ்டருக்கு மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல, தூங்கறாரு போல. தூக்கம்ங்கறது ஒரு பழக்கம்தாம்மா, விட்டா விட்டுடலாம்."

பேச்சு ஓடியது. ஒரு வாக்கியம் முடியும் முன் அடுத்தது ஏறி உட்கார்ந்தது. சூப்பரக்கா பையைக் கீழே வைத்தாள்.

"பையன் என்ன பண்றான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் சாதாரணப் பையன் இல்லம்மா. என்கிட்ட கணக்கு சொல்றான். கண்ணைச் சிமிட்டறான் பாரு, அதுல ஒரு வரிசை இருக்கு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. எழுதி வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத, தூக்கிட்டுப் போயிடுவாங்க."

கொஞ்ச நேரம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம், சூப்பரக்காவும் அதை நம்பாமலிருக்க ஆசைப்பட்டாள். களைப்பாக இருக்கும், ஒரு தூக்கம் தூங்கினால் சரியாகிவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவள் வீட்டிலும் எல்லாரும் நாளைக்கு, நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முதலில் டாக்டருக்கு. பிறகு மருமகனுக்கு; அவர் வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். பிறகு கணவருக்கு. கடைசியாக ஆலைக்கு: "நான் இன்னிக்கு வரல. எப்ப வருவேன்னு தெரியாது."

சம்பந்தியம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "என்ன சம்பந்தி இது? சுறுசுறுப்பா இருந்தா ஆஸ்பத்திரியா? பச்சை உடம்புக்காரியை எங்க இழுத்துட்டுப் போறீங்க? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். எனக்கு வந்தப்ப நாலு பேருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் ஒன்பதாம் நாள் வரைக்கும் வீட்லயே வச்சிருந்தாங்க. ஒன்பதாம் நாள் நான் என் பிள்ளையைத் தெருவுல கொடுத்துட்டு வந்தேன்." சூப்பரக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க பேரனைத் தூக்கிக்குங்க. கூட வாங்க. அவன் எங்க கூடவே இருக்கட்டும்."

சம்பந்தியம்மா வாசலை விட்டு விலகினாள். உள்ளே போய்ப் பேரனைத் துணியில் சுற்றினாள்.

மகள்தான் மசியவில்லை. "நீதாம்மா பைத்தியம்" என்றாள், சிரித்த முகம் மாறாமல். "உனக்கு வந்துச்சு, அதனால ஊருக்கே வரணும்னு பார்க்கற. எனக்கு நிறைய வேலை இருக்கு."

அந்தச் சொல்லை யாராவது தன்னைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் சூப்பரக்கா நான்கு தெரு தள்ளிப் போய் மருந்து வாங்கினாள். சொல்லியாகிவிட்டது, சொன்னதும் பெற்ற மகள். ஆனால் நின்று பார்த்தால் ஒன்றும் இடிந்து விழவில்லை. அலமாரியிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து மகள் மடியில் வைத்தாள்.

"இது யார் எழுத்து?"

"என்னோடது."

"யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"டீச்சர் போட்டு வச்ச விடை. நான் பத்தாவது தாண்டாதவ, இதைத் தப்புன்னு சொல்ல எனக்குத் தெரியாது. நீயே படிச்சுப் பார்த்துச் சொல்லு."

மகள் அந்தப் பக்கத்தைப் படித்தாள். திரும்பப் படித்தாள். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் போனாள். எங்கேயோ தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் மாதிரி முகம் மாறியது. "நான்தான் எழுதியிருக்கேன்" என்றாள். பிறகு, "டைம்டேபிளை எடுத்துக்கிட்டு வரலாமா?"

"தாராளமா."

கணவர் ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். வழி நெடுக மகள், எந்தத் தெரு வழியாகப் போனால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஆட்டோக்காரருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவரும் பொறுமையாக "சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதரைக்கு டாக்டர் முன்னால் இருந்தார்கள்.

இந்த முறை பிள்ளையைப் பிரிக்கவில்லை. தாயும் சேயும் சேர்ந்திருக்க ஓர் அறை அந்த வார்டில் இருந்தது. எந்நேரமும் ஒரு நர்ஸ் கூடவே இருந்தார். முதல் மூன்று நாள் கடினம். மகள் அழுதாள், திட்டினாள், மருந்துக் கோப்பையைத் தட்டிவிட்டாள். மருந்து உடம்பில் பிடித்ததும் தூங்கினாள். விழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். லித்தியம் ஆரம்பித்ததால் பையனுக்குப் புட்டிப்பால். சம்பந்தியம்மா அதற்கு முகம் சுளிப்பாள் என்று சூப்பரக்கா பயந்தாள். அவளோ நர்ஸிடம் புட்டி கழுவும் முறையைக் கேட்டுக்கொண்டு, மற்றவர்களை அந்தப் பக்கமே வரவிடவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் மகள் காலண்டர் தாள்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, ஆறாம் வகுப்புக்கு ஒரே நேரத்துல ரெண்டு பீரியட் போட்டிருக்கேன்" என்றாள். பேச்சு பழைய வேகத்துக்கு வந்திருந்தது. நின்று நின்று வந்தது. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "உன்னைப் பைத்தியம்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன."

"ஞாபகம் இருக்கு. எல்லாமே ஞாபகம் இருக்கு. இவன் கண்ணைச் சிமிட்டினது, எழுதினது எல்லாம்." தூங்கும் பையனைப் பார்த்தாள். "நீ ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

"அதை யோசிக்காத."

"யோசிக்காம எப்படி? உனக்கு யாரும் இல்லம்மா. நோட்டு இல்ல, நர்ஸ் இல்ல, நான் பக்கத்துல இல்ல. ஒன்பது வாரம் தனியா இருந்து, வெளியே வந்து, மாத்திரையைப் போட்டுக்கிட்டு, என்னையும் வளர்த்து, நாப்பத்திரண்டு மிஷினையும் ஓட்டியிருக்க. அப்படிப்பட்டவ அதைப் போய் தைராய்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்க. நானா இருந்தா போர்டு எழுதி மாட்டியிருப்பேன்."

சூப்பரக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையை யாரும் பார்த்துவிடக் கூடாது. அது துக்க அழுகை இல்லை. அவளுக்கே பழக்கமில்லாத ஒன்று. பஸ் நிறுத்தத்தில் நின்ற அந்த இளம்பெண்ணை, தன்னையே, முதல் தடவையாக அவளால் திட்டாமல் பார்க்க முடிந்தது.

பதினேழாம் நாள் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். மாத்திரை தொடர வேண்டும், வாராவாரம் வர வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே மகளிடம், "நோய் ஆரம்பிச்ச அன்னிக்கே இங்க வந்து சேர்ந்தவங்களை நான் எண்ணிடலாம். உங்கம்மாவுக்கு நன்றி சொல்லுங்க" என்றார். "சொல்லிட்டேன் டாக்டர். தலைக்கனம் ஏறிடும், மறுபடி சொல்ல முடியாது" என்றாள் மகள். சூப்பரக்காவுக்கு உண்மையிலேயே கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

மறுநாள் ஆலை. அலுவலகத்தில் லீவுப் படிவத்தை நீட்டினார்கள். பதினேழு நாள். காரணம் எழுதும் இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு தன் உருண்டையான கையெழுத்தில் எழுதினாள்: மகளுக்குப் பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய். கூட இருந்தேன்.

மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லாயிருக்கா சார். அஞ்சாம் நாளே கண்டுபிடிச்சாச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன்." ஒரு மூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டாள். "எனக்கும் இதே நோய்தான் சார். இருபத்தெட்டு வருஷமா மாத்திரை சாப்பிடறேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் திருகினார். பக்கத்து மேசை குமாஸ்தா கீபோர்டைத் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

"எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல சூப்பரக்கா" என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணு தெரியும். நீங்க போன நாள்லேர்ந்து மூணாம் லைன்ல பட்டன் காஜா எல்லாம் கோணலா விழுது. நானூறு சட்டை திரும்பி வந்து கிடக்கு."

"நானூறா?"

"நானூத்திப் பத்து."

"யாரு காஜா மிஷின்ல?" என்று கேட்டுக்கொண்டே சூப்பரக்கா கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் லைனைப் பார்த்து நடந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் நாற்பத்திரண்டு தலைகளும் நிமிர்ந்தன. "பொண்ணு எப்படியிருக்கு சூப்பரக்கா?" என்று முதல் மிஷின்காரி கேட்டாள்.

"சாப்பாட்டு நேரத்துல எல்லாத்தையும் சொல்றேன். சொல்ல நிறைய இருக்கு" என்றாள் அவள், கோணலான ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. "முதல்ல இதை யாரு தைச்சதுன்னு சொல்லுங்க."